பூனைக்குப் பிடிக்காத மாப்பிள்ளை

நான் வெளிநாட்டில் படிப்பை முடித்துக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தபோது என் அம்மாவுக்கு ஒரு புதுக் கவலை பிடித்துக்கொண்டது. மகளின் தொழிலை ஊருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்பதுதான் அது. அதுவரை அந்தச் சிக்கல் இருக்கவில்லை. "மகள் மாட்டு டொக்டர்" என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். உன்னிச்சைப் பக்கத்து மாட்டுப் பட்டிகளில் முழங்கால் வரை சேறோடு நான் நிற்பதை, வயலுக்குப் போய்வரும் சனமெல்லாம் கண்டிருந்தது. இப்போது நான் படித்துவிட்டு வந்திருந்ததோ மிருகங்களின் நடத்தை மருத்துவம். கடிக்கிற நாயும் உதைக்கிற மாடும் தன் இறகைத் தானே பிடுங்கிப் போடுகிற கிளியும் ஏன் அப்படிச் செய்கின்றன என்று கண்டுபிடித்து, அவற்றின் பயத்தையும் பதற்றத்தையும் தணிக்கிற வேலை.

கோயில் வீதியில் ஒரு பெண் விசாரித்தபோது அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிருகங்களுக்குக் கோவம், பயம் வந்தா பாக்கிற டொக்டர்" என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர், "அப்ப எங்கட வீட்டு மனிசனையும் ஒருக்காக் காட்டலாமோ?" என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அதன் பிறகு யார் கேட்டாலும் மாட்டு டொக்டர் என்றே சொல்லிவிட்டார்.

நான் இந்தப் படிப்புக்குப் போனதே ஒரு நாயால்தான். அரசாங்க வேலையில் இருந்த காலத்தில், பெரியகல்லாற்றிலிருந்து ஒரு மீனவர் தன் நாயைக் கயிற்றில் கட்டி முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார். நன்றாக இருந்த நாய், திடீரென்று வீட்டு ஆட்களையே கடிக்கத் தொடங்கியிருந்தது. "ஊசி போட்டு முடிச்சு விடுங்க, டொக்டர். பிள்ளையள் இருக்கிற வீடு" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. வாயைக் கட்டிவிட்டுத் தலையைத் தடவியபோது, இடது காதுப் பக்கம் கை போனதும் நாய் வீறிட்டது. காதுக்குள் ஆழத்தில் ஒரு புல் நெட்டு ஏறிச் சீழ் கட்டியிருந்தது. அதை எடுத்து மருந்து கொடுத்தேன். அடுத்த கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது, நாய் அவருடைய வலைக்குவியலில் படுத்துக்கொண்டு வாலாட்டியது. அந்த நாய் கெட்டுப்போய்விட்டது என்றுதான் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அதற்கு வலித்தது, அவ்வளவுதான். ஒரு மிருகம் ஏன் ஒன்றைச் செய்கிறது என்ற கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்தது. பிறகு விடவில்லை. விண்ணப்பம் போட்டேன், இடம் கிடைத்தது, போய்ப் படித்தேன்.

திரும்பி வந்து, வாவிக் கரையோரம் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையைப் பின்னேரக் கிளினிக்காக மாற்றினேன். முதல் மாதங்களில் வந்தவர்கள் எல்லாம் தடுப்பூசிக்கும் உண்ணிக்கும்தான் வந்தார்கள். நடத்தை மருத்துவம் என்று வந்தவை மிகக் குறைவு. ஒருவரின் சேவல் விடியலில் கூவாமல் மத்தியானத்தில் கூவியது. இன்னொருவர், ஒரு காகம் தன் தலையில் மட்டும் கொத்துகிறது என்று வந்தார். அவர் போகும் வழியில் அது கூடு கட்டியிருந்தது. குஞ்சுகள் பறக்கும் வரைக்கும் வேறு வழியால் வேலைக்குப் போகச் சொன்னேன். அதற்கா இவ்வளவு படித்தீர்கள் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களில்தான் காத்தான்குடியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வயதான ஒரு பெண் குரல்.

"டொக்டர் மகளா? எங்கட வீட்டில ஒரு பூனை இரிக்கி. கடுவன். மகளுக்குக் கலியாணம் முடிச்சிக் கொஞ்ச நாள்தான். மாப்புள வீட்டுக்கு வந்ததில இருந்து இது அவர்ர சாமானிலதான் மூத்திரம் பெய்யிது. அவர்ர சேர்ட்டில பெய்யிது, சப்பாத்தில பெய்யிது, தலகணியில பெய்யிது. வேற ஆருட சாமானையும் தொடல்ல."

குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் சொன்னார். "அக்கம்பக்கத்தில கதைக்கத் தொடங்கிட்டாங்க, மகள். பூனைக்குப் புடிக்காத மாப்புள எண்டு."

இதன் பாரம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நன்றாக விளங்கும். இங்கே தமிழராக இருந்தாலும் முஸ்லிம்களாக இருந்தாலும், வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வந்த இடத்தில் மாமனார், மாமியார், மச்சான்மார் எல்லோருக்கும் பிடித்தவராக நடந்துகொள்ள வேண்டும். அந்த வரிசையில் பூனையும் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

நடத்தை மருத்துவத்தில் மிருகத்தை அதன் வீட்டிலேயே பார்ப்பதுதான் நல்லது. அடுத்த நாள் பின்னேரம் நானே போனேன். ஒடுங்கிய ஒழுங்கைக்குள், மகளுக்காக மேல்மாடி புதிதாகக் கட்டிய வீடு. தொலைபேசியில் பேசிய மாமியார் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மகள் சிரித்த முகம். அந்த வீட்டில் பதற்றமில்லாமல் இருந்தது அவள் ஒருத்திதான். மாப்பிள்ளை ஓட்டமாவடிக்காரர், உயரமானவர், மரியாதையானவர். துபாயில் ஒரு அத்தர்க் கடையில் வேலை செய்துவிட்டு வந்திருந்தார். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். இரண்டு காலையும் நிலத்தில் வைக்காமல் கதிரைச் சட்டத்தில் ஏற்றி வைத்திருந்தார்.

பூனை குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே படுத்திருந்தது. செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த, கன்னம் உப்பிய பெரிய கடுவன்.

"மனே" என்றார் மாமியார், பாசமாக. மகனே என்பதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

பூனையும் திரும்பிப் பார்த்தது, மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். மூத்திரப் பையில் கல்லோ கிருமியோ இருந்தால் பூனை கண்ட இடத்தில் பெய்யும். பூனையை இறக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தேன், மூத்திரத்தை எடுத்து அங்கேயே சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. அது சும்மா பெய்யவில்லை, வாலை நட்டமாகத் தூக்கி, சுவரோடு நின்று, பின்பக்கமாகப் பீச்சுகிறது என்று மகள் செய்து காட்டினாள். அது மூத்திரம் முட்டிப் பெய்வதல்ல. கடுவன் தன் எல்லையில் அடையாளம் வைக்கிற வேலை. பதற்றப்பட்ட கடுவன் அதை இன்னும் கூடச் செய்யும்.

பிறகு கேள்விகள் கேட்டேன். கலியாணத்துக்கு முன் பூனை எங்கே படுத்தது? மகளின் அறையில், அவள் கால்மாட்டில். இப்போது? அறைக் கதவு பூட்டு. பெய்த இடங்களை எதனால் கழுவுகிறீர்கள்? வெளுக்கிற மருந்தும் பினைலும். பினைல் தன் மணத்தை மறைத்துவிட்டது என்று பூனை திரும்பவும் அதே இடத்தில் தன் மணத்தை வைக்கும் என்று சொன்னேன். மாமியார் வாயில் கையை வைத்தார்.

"நான் ஒவ்வொரு நாளும் ஊத்தி ஊத்திக் கழுவினனே."

மாப்பிள்ளையிடம் என்ன அத்தர் பூசுகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்தது. மேலே கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்து காட்டினார். நிறைய நிறையச் சின்னப் போத்தல்கள். ஊது, கஸ்தூரி, ரோசா, சந்தனம், பெயர் தெரியாத அரபு நாட்டு வாசனைகள். கடையில் பழகிய பழக்கம், ஒரு நாளைக்கு ஒன்றென்று மாற்றிப் பூசுவாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூனை உங்கட முகத்தைப் பாத்து ஆளை அறியிறதில்ல, மணத்தாலதான் அறியும். நீங்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணத்தில வாறீங்க. அது பாவம், தினமும் ஒரு புது ஆள் வீட்டுக்குள்ள வாறான் எண்டு நினைக்குது."

இறங்கி வரும்போது மாமியார் படியில் வைத்து என் கையைப் பிடித்தார். அவருடைய உண்மையான கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"பூனைக்கு மனிசரைத் தெரியும் எண்டு சொல்றாங்களே, மகள். இவருக்கிட்ட என்னமும் பிழை இரிக்கா? தண்ணி ஓதித் தெளிச்சும் பாத்திட்டன்."

"பூனைக்கு மனிசர்ர குணம் தெரியாது, உம்மா. மணம்தான் தெரியும்" என்றேன். அவர் அந்த வசனத்தைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். பினைல் வேண்டாம், உடுப்புக் கழுவுகிற தூளால் கழுவி நல்ல தண்ணீர் விட்டால் போதும். பகலில் அறைக் கதவைத் திறந்து, பூனைக்கென்று ஒரு கதிரை உள்ளே போட வேண்டும். மாப்பிள்ளை ஒரே ஒரு அத்தரைத் தெரிவு செய்துகொள்ள வேண்டும். அவர் போட்டுக் கழற்றிய பெனியனைப் பூனையின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பூனைக்கு மீன் வைப்பது இனி மாப்பிள்ளையின் வேலை. கடைசியாக, கடுவனுக்கு விதை எடுக்கிற ஒப்பரேசன் செய்ய வேண்டும்.

கடைசிப் பேச்சில் வீடு இரண்டாகப் பிரிந்தது. "அவனுக்கும் ஒரு வாழ்க்கை இரிக்கில்லையா, மகள்" என்றார் மாமியார். மாமியாருக்கு எதிராக வாயே திறக்காத மாப்பிள்ளை, அன்றைக்கு முதல்முறையாக, "டொக்டர் சொன்னா செய்யத்தானே வேணும், மாமி" என்றார். மாமியார் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஒப்பரேசன் முடிந்து பூனையை ஏற்றிக்கொண்டு போகும்போது, கைதியை விடுதலை செய்து கூட்டிப்போகிறவர் போல அதைத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நிலைமை நன்றாகத் திரும்பியது. பூனை கதிரையை ஏற்றுக்கொண்டது. பெய்வது குறைந்தது. மாமியார் தொலைபேசியில், "அல்ஹம்துலில்லாஹ், இந்தக் கிழமை சப்பாத்து மட்டும்தான்" என்றார். நானும் என் முதல் பெரிய வழக்கு வெற்றி என்று மனதுக்குள் சந்தோசப்பட்டுக்கொண்டேன்.

அப்போது ஓட்டமாவடியிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா மகனைப் பார்க்க வந்தார். பை நிறையப் பலகாரம். பையை மண்டபத்தில் வைத்துவிட்டு அவர் உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம், பூனை புதுப் பையை மணந்து பார்த்தது. வாலைத் தூக்கியது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். இரண்டு எட்டில் போய்ப் பையைத் தூக்கியிருக்கலாம். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பலகாரம் எல்லாம் வீணானது.

"இந்த வீட்டில என்ட மகனப் பூனையும் மதிக்கல்ல" என்றார் அவருடைய உம்மா. பெண்ணின் உம்மா அதற்கு ஒன்று சொல்ல, அவர் இன்னொன்று சொல்ல, இரண்டு சம்மந்திகளும் முகம் பாராமல் பிரிந்தார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் மாப்பிள்ளை தனியாக என் கிளினிக்குக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படலைக்கு வெளியிலேயே நின்றார். என் கிளினிக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டுப் பெட்டைப் பூனை இருந்தது. பல் பாதி விழுந்துவிட்டது. நாய்களை நிறுக்கிற தராசுதான் அதன் படுக்கை, நாள் முழுக்க அதில் நித்திரை கொள்ளும்.

"டொக்டர், அந்தப் பூனையக் கொஞ்சம் உள்ளுக்கு விடுவீங்களா?" என்றார்.

கதிரையில் ஏற்றி வைத்த காலும், பையைத் தூக்கப் போகாமல் நின்றதும், அந்த ஒரு வசனத்தில் எனக்கு விளங்கிவிட்டன. பூனையைத் தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் வந்து உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை.

"மாமி ஆக்களுக்குத் தெரியக்கூடா" என்றுதான் தொடங்கினார்.

சின்ன வயதில் ஓட்டமாவடியில் அவர்கள் வீட்டு அரிசி ஆலையில் மூட்டைகளுக்கு மேலே ஏறி விளையாடியிருக்கிறார். மூட்டை இடுக்கில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது தெரியாது. தாய்ப் பூனை முகத்துக்கே பாய்ந்துவிட்டது. புருவத்துக்கு மேலே அந்தக் கீறல் இன்னும் இருந்தது. மூட்டையிலிருந்து விழுந்ததாகத்தான் வீட்டில் சொன்னாராம், அவருடைய உம்மாவுக்கும் தெரியாது. அன்றிலிருந்து பூனையைக் கண்டால் அவருக்குக் கை கால் விறைக்கும். துபாய்க் கடைக்குப் பூனை வரவில்லை, அதனால் பயமும் வரவில்லை. இப்போது மீன் வைப்பதைக்கூட, பூனை வருமுன் கோப்பையில் போட்டுவிட்டு ஓடித்தான் செய்கிறாராம்.

"பொண்ணு பாக்கப் போன அண்டைக்குப் பூனை வீட்டில இல்ல" என்றார்.

"இருந்திருந்தா?"

"இருந்திருந்தாலும் ஓமெண்டுதான் சொல்லியிருப்பன்." கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சம் யோசிச்சிப்போட்டுச் சொல்லியிருப்பன்" என்றார்.

நான் படித்தது மிருகங்களுக்குத்தான், மனிதரின் பயத்துக்கு வைத்தியம் செய்ய எனக்கு உரிமை இல்லை என்று அவருக்குச் சொன்னேன். வேறு ஒரு வைத்தியரிடம் அனுப்பவா என்று கேட்டேன். அவர் பயந்துபோனார். காத்தான்குடி மாப்பிள்ளை பூனைப் பயத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்ற கதை, அவர் வீடு திரும்பும் முன்னே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். யோசித்துப் பார்த்தேன். பட்டாசுக்குப் பயந்த நாய்க்கு நான் என்ன செய்வேன்? தூரத்தில், மெல்லிய சத்தத்தில் தொடங்கி, பயம் இல்லாத அளவுக்குள்ளேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவேன். கிழட்டுப் பூனை இருக்கிறது, படலை இருக்கிறது. பூனையோடு பழகச் சொல்லிக் கொடுப்பது என் வேலைக்குள் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் வியாபார விசயமாக மட்டக்களப்புக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பின்னேரங்களில் வரத் தொடங்கினார். முதலில் படலையில் நின்று, தராசில் தூங்குகிற பூனையைப் பார்த்தார். பிறகு முற்றத்தில். பிறகு வாசற்படியில். நேராகக் கண்ணைப் பார்க்க வேண்டாம், முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணை மெதுவாக மூடித் திறவுங்கள், அது பூனைப் பாசையில் நான் உன்னை ஒன்றும் செய்யமாட்டேன் என்று சொல்வது என்று சொல்லிக் கொடுத்தேன். உயரமான மனிதர், முழுக்கைச் சேர்ட் போட்டுக்கொண்டு, பல் இல்லாத ஒரு பூனைக்கு முன்னால் கண்ணை மூடி மூடித் திறப்பதை, ஊசிக்கு நாய் கொண்டுவந்தவர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. பூனை அவரைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அவருக்கு அதுதான் நல்லதாகப் போயிற்று. ஒரு நாள் கடற்கரைச் சந்தையிலிருந்து சூடை மீன் வாங்கி வந்து தன் கையாலேயே அதன் முன் வைத்தார். அது தின்றுவிட்டு, அவர் காலில் உரசிக்கொண்டு போனது. அவர் மூச்சை விடாமல் நின்று, பிறகு மெதுவாக விட்டார்.

"மெத்தெண்டு இரிக்கி" என்றார், ஆச்சரியத்தோடு.

அந்தச் சந்தோசம் நிலைக்கவில்லை. இரண்டு நாளில் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். வீட்டுக் கடுவன் திரும்பவும் தொடங்கிவிட்டது. முன்பைவிட மோசம். இந்த முறை மாப்பிள்ளை உடுத்தியிருக்கும்போதே காற்சட்டையில்.

நான் யோசிக்கத் தொடங்குமுன் அவளே, "டொக்டர், உங்கக்கிட்ட ஒண்டு கேக்கவா" என்றாள். "இவருக்கு வேற எங்கயும் ஒரு பூனை இரிக்கா?"

நான் தராசில் தூங்குகிற பூனையைத் திரும்பிப் பார்த்தேன்.

"காற்சட்டையில சாம்பல் கலர் மயிர் இரிக்கி. எங்கட பூனைக்குச் சாம்பல் மயிர் இல்ல. வியாபாரம் எண்டு போறாரு, மீன் மணத்தோட வாறாரு. நம்மட ஆள் மணந்து பாத்திட்டுப் பெய்யிறான்."

சிரிப்பை அடக்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. மணத்தைப் பற்றி அந்த வீட்டுக்கே பாடம் எடுத்தவள் நான். அந்நியப் பூனையின் மணத்தை அவர் காலில் பூசி, தினமும் வீட்டுக்கு அனுப்பியவளும் நான்தான். ஆனால் அவருடைய இரகசியத்தை நான் சொல்ல முடியாது. "அவரையே கேளுங்க, தங்கச்சி. கேட்டா நல்லதுதான் நடக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

"பூனைக்குப் பயம் எண்டதைத்தானே சொல்லப்போறாரு?" என்றாள். "அது எனக்கு முதல் கிழமையே தெரியும், டொக்டர். பூனை படியில இரிந்தா இவரு மேல ஏறாம, கீழ நிண்டு எனக்குப் போன் எடுக்கிறாரு. அவராச் சொல்லட்டும் எண்டுதான் பாத்திட்டு இரிக்கன்."

அன்று பின்னேரம் அவள் கேட்டிருக்கிறாள், அவர் சொல்லியிருக்கிறார். நடந்ததை இருவரும் பிறகு என்னிடம் மாறி மாறிச் சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அரிசி ஆலைக் கதையைச் சொல்லி முடித்ததும், இவள் அவருடைய புருவத்துக் கீறலைத் தொட்டுப் பார்த்து, "இதக் கிறிக்கெட் பந்து பட்டது எண்டெல்லா சொன்னீங்க" என்று கேட்டாளாம். பிறகு இரண்டு பேரும் கீழே இறங்கிப்போய் மாமியாரிடமும் சொன்னார்கள்.

மாமியார் ஏசுவார் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மாமியாரோ சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கி இறைவனுக்கு நன்றி சொன்னார்.

"பயமெண்டா சொல்லலாம்தானே, மனே. நாங்க செய்வினை எண்டெல்லா நினச்சிட்டம்."

அதன் பிறகு வைத்தியம் வெளிப்படையாக, அந்த வீட்டு மேல்மாடியிலேயே நடந்தது. கிழட்டுப் பூனையின் பக்கம் வர அவருக்குத் தடை போட்டேன். வீட்டில் மகள் நடுவில் இருந்தாள். ஒரு பக்கம் கடுவன், மறுபக்கம் கணவர். அவள் இரண்டு பேரோடும் கதைத்துக்கொண்டிருப்பாள். நாளாக ஆக அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்தாள். மாப்பிள்ளை ஏற்கனவே பழகியிருந்தபடியால் கண்ணை மூடித் திறப்பதில் தேர்ந்திருந்தார். கடுவன் கிழவி மாதிரி அலட்சியமாக இருக்கவில்லை. அது உட்கார்ந்து அவரையே பார்த்தது. ஒரு நாள் அதுவும் கண்ணை மெதுவாக மூடித் திறந்தது. அன்றைக்கு அவர் எனக்கு அனுப்பிய குரல் செய்தியில் ஒன்றுமே விளங்கவில்லை. பின்னால் மகள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பெருநாளுக்கு ஓட்டமாவடி உம்மா திரும்பவும் வந்தார். எனக்கும் அழைப்பு. சம்மந்திகள் இரண்டு பேரும் மரியாதையாக, கொஞ்சம் விறைப்பாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் பையை மடியிலேயே வைத்திருந்தார். பூனை வந்தது. எல்லோரும் கதையை நிறுத்திவிட்டோம். அது பையைச் சுற்றி மணந்தது, அவருடைய சேலைக் கரையை மணந்தது. பிறகு மண்டபத்தின் நடுவால் நடந்துபோய், மாப்பிள்ளையின் கதிரைக்குக் கீழே, அவருடைய இரண்டு காலுக்கும் இடையில் படுத்துக்கொண்டது. அவர் கால் நிலத்தில்தான் இருந்தது. அவருடைய உம்மாவுக்கு நாங்கள் ஏன் நிம்மதியாக மூச்சு விட்டோம் என்று தெரியாது. "நல்ல சொகமா வளத்திரிக்கீங்க பூனைய" என்று சம்மந்தியிடம் சொல்லிவிட்டு, பையைக் கீழே வைத்தார். பெண்ணின் உம்மா உடனே எழுந்து அவருக்கு இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

அந்த வீட்டிலிருந்து கதை ஒழுங்கை ஒழுங்கையாகப் போயிற்று. பூனையையும் மாப்பிள்ளையையும் சேர்த்து வைத்த டொக்டர் என்றார்கள். காத்தான்குடிப் பெண்களின் வாய்ச்சொல் எந்த விளம்பரத்தையும்விட வேகமானது. ஏறாவூரிலிருந்து, தன் இறகைப் பிடுங்குகிற கிளி வந்தது. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்காரர், தொப்பி போட்ட விருந்தாளிகளை மட்டும் துரத்துகிற நாயைக் காட்ட என்னைக் கூப்பிட்டார். உன்னிச்சையில், கறக்க விடாமல் உதைத்த ஒரு எருமைக்காக நான் திரும்பவும் சேற்றில் இறங்கினேன். கன்றை அவிழ்த்துவிடுகிற இடத்தை மாற்றியதுதான் நான் சொன்ன ஒரே வைத்தியம். கறந்தவரின் மனைவி எனக்கு ஒரு சட்டி தயிர் தந்தாள். வேலை பரவியது. இப்போது என் முன்னறையில் இருக்க இடம் போதாமல் முற்றத்தில் வாங்குப் பலகை போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் என்னால் சரிசெய்ய முடிவதில்லை. சில நாய்கள் பயத்தோடேயே வாழ்ந்து முடிகின்றன, அவற்றுக்கு அமைதியான ஒரு மூலையைத் தேடிக் கொடுப்பதோடு நிற்கிறேன். ஆனால் அதிகமான நாட்களில் சிரித்துக்கொண்டுதான் கதவைப் பூட்டுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கிளினிக் திறக்காத நேரத்தில், முச்சக்கர வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். நெஞ்சோடு அணைத்த துவாய்க்குள் கடுவனின் தலை மட்டும் தெரிந்தது. நனைந்துபோயிருந்தார், குடை பூனைக்குத்தான் பிடித்திருந்தார்.

"விடிஞ்சதில இருந்து ஒண்டும் தின்னல்ல, டொக்டர். சத்தி எடுக்கிறாரு. முகத்தப் பாருங்க, வாடிப் போயிரிக்கி."

அவரே பூனையைத் தூக்கி மேசையில் வைத்தார். நான் வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது அவரே அதைப் பிடித்துக்கொண்டார். நகம் கையில் ஏறியும் கையை எடுக்கவில்லை. முந்திய நாள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டேன். இறால். தலைகளை எல்லாம் யார் சாப்பிட்டது என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"அவருக்கு விருப்பம், டொக்டர். கேட்டா குடுக்காம இரிக்க ஏலா."

வயிற்றுக்கு மருந்து கொடுத்து, ஒரு நாளைக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும் என்று சொன்னேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பிறகு துவாயைச் சரியாகச் சுற்றி, பூனையின் காது நனையாமல் மூடி, முச்சக்கர வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாரதி வண்டியைக் கிளப்பினார்.

"மெதுவாப் போங்க, காக்கா" என்று அவர் சாரதியை அண்ணன் முறையில் அழைத்துச் சொல்வது எனக்குக் கேட்டது. "இவருக்குக் குலுக்கம் ஒத்துவரா."